ரத்தத்தில் புளிப்பு

அத்தியாயம் ஆறு

டாக்டர் தங்கசாமி ஒரு கோலி சோடாவை உடைத்து என் கையில் கொடுத்தார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. துப்பறியப் போன இடத்தில் ஒருவர் குடிக்கக் கொடுத்தது அதுவே முதல் தடவை.

"ஒரு வாய் குடிச்சுட்டுச் சொல்லுங்க. நாக்குல என்ன தெரியுது?"

"சுருக்குங்குதுங்க. கொஞ்சம் புளிப்பு."

"எலுமிச்சை போட்டிருக்கா?"

"எங்கீங்க! வெறும் சோடா."

"அப்ப புளிப்பு எங்கிருந்து வந்தது? தண்ணிக்குள்ள அடைச்சு வச்ச காத்துல இருந்து. நாம வெளிய விடுற மூச்சுல இருக்கே, அதே காத்துதான். ராசப்பனால அதை வெளிய தள்ள முடியல. உள்ளேயே தங்கி, ரத்தம் இந்தச் சோடா மாதிரி ஆகிப்போச்சு. அதுலதான் செத்தார்."

பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டேன். தாகம் போன இடம் தெரியவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீரபாகு அண்ணா ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அவர் ரயில்வேயில் இருபது வருஷம் காணாமல் போன பார்சல்களைத் தேடிப் பிடிக்கிற உத்தியோகம் பார்த்தவர். பென்ஷன் வாங்கிய பிறகு சூரமங்கலத்தில் இருந்துகொண்டு காணாமல் போன உண்மைகளைத் தேடுகிறார். நான் மணியன். பரமத்தி வேலூர் - நாமக்கல் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, முதலாளியின் மச்சானிடமே டிக்கெட் கேட்டு வேலையைத் தொலைத்தவன். அண்ணாவிடம் சேர்ந்தபின் சம்பளம் குறைந்தது, பேச்சு மட்டும் குறையவில்லை.

அது 1938, சித்திரை மாதம். சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஈச்சங்காட்டூர் ராசப்பன் ஐம்பது வயது விவசாயி, பத்து வருஷ இழுப்புக்காரர். நாலு நாளாகக் குடிகாரனைப் போலத் தள்ளாடி, ஐந்தாம் நாள் ராத்திரி டாக்டரின் கண்ணெதிரிலேயே மூச்சை விட்டார். கள் விற்று அவரைக் கொன்றாள் என்று கூழ்க்காரி பாவாயியைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். அன்று மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸில் அவளைத் திருச்செங்கோட்டுக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். கொலைக் கேஸ். ஆதாரம் என்னவென்றால், டாக்டர் எழுதிக்கொடுத்த மரணச் சான்றிதழ்! தன் காகிதமே ஒருத்தியைத் தூக்குமரத்துக்கு அனுப்புகிறதே என்றுதான் அவர் எங்களுக்குத் தந்தி அடித்திருந்தார்.

"நீங்க போனப்ப எப்படி இருந்தாருங்க?" என்று அண்ணா கேட்டார்.

"முகம் செவசெவன்னு இருந்தது. கை சூடு. நாடி துள்ளுது. தட்டி எழுப்பினா உளறல். யார் பாத்தாலும் குடிச்சிருக்கான்னுதான் சொல்லுவாங்க. வாயில வாடை மட்டும் இல்ல. மூச்சு நிமிஷத்துக்கு ஏழு."

"இழுப்புக்காரனுக்கு ஏழுதானுங்களா? புஸ்ஸு புஸ்ஸுன்னு வேகமாத்தானே வாங்கோணும்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அதே சந்தேகம்தான் எனக்கும். பத்து வருஷம் போராடின நெஞ்சு நாலு நாள்ல சோம்பிப்போச்சு. கண்ணுப் பாப்பா வேற கடுகாட்டம் சுருங்கியிருந்தது. அபினி கொடுத்திருந்தா அப்படி ஆகும். நல்ல நெஞ்சுக்காரனை அது தூங்க வைக்கும். இவரை மாதிரி ஆளுக்கு மூச்சு விடணும்ங்கற ஞாபகமே போயிடும். ஆனா அந்த வீட்டுல யாரும் கொடுத்திருக்க மாட்டாங்க. அபினி ஆகவே ஆகாதுன்னு போன மாசமே வாயால சொல்லி, சீட்டும் எழுதிக் கொடுத்தேன்."

"சீட்டு எந்தப் பாஷையிலீங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இங்கிலீஷ்லதான். பழக்கம்."

* * *

ஈச்சங்காட்டூருக்குள் வருவது அந்த இரண்டு மணி பஸ் ஒன்றுதான்; நாங்கள் மல்லசமுத்திரம் வரை வேறு பஸ், அங்கிருந்து நாலு மைல் நடை. ஈச்சங்காட்டூர் போலீஸ் கொட்டகைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. ஏட்டு நாச்சிமுத்து நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் ஒன்றை நம்பிவிட்டால் அதைக் கழற்ற ஸ்பானர் வேண்டும்.

ஏட்டையா மூலையைக் காட்டினார். அங்கே ஒரு கூழ்ப்பானை வாயில் துணி கட்டி, அரக்கு முத்திரை வைக்கப்பட்டுக் கிடந்தது. துணி உப்பியிருந்தது. உள்ளே ஏதோ குமுகுமுவென்று சத்தம் போட்டது.

"அதானுங்க சாட்சிப் பொருள். கேக்குதுங்களா? நுரைக்குது. கள்ளு."

"ஏனுங்க ஏட்டையா," என்றேன், "இந்த வெயில்ல மூணு நாள் மூடி வச்சா பாயசமும்தான் நுரைக்கும். உங்களையே மூடி வச்சாலும் நுரைப்பீங்க."

அண்ணா என்னை ஒரு பார்வை பார்த்தார். 

கம்பிக்குப் பின்னால் பாவாயி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். மூன்று நாளாக அழுது, அழுகையும் தீர்ந்துபோன முகம்.

"சாமி, நான் வித்தது கம்மங்கூழுங்க. எறந்துபோன பண்ணாடி பத்து வருசமா எங்கிட்டத்தான் குடிப்பாரு. போன வாரம் வந்தப்ப கை நடுங்குச்சுங்க, சொம்பு புடிக்க முடியல. நின்னபடியே கண்ணு சொக்குது. என்னங்க பண்ணாடின்னு கேட்டேன். 'ஒறக்கம் நல்லா வருது பாவாயி, இப்பத்தான் வருது'ன்னு சிரிச்சாருங்க. நான் சந்தோசப்பட்டேனுங்க சாமி. என்னைத் தூக்குல போட்டுருவாங்களா?"

அண்ணா ஏட்டையாவிடம் குற்றப்பத்திரிகையைக் கேட்டார். தெரியாததைச் சொல்ல மாட்டார்.

ஏட்டையா குற்றப்பத்திரிகையை எடுத்துப் பெருமையாக வாசித்தார். "'இறந்தவர் ரத்தத்தில் புளிப்பு ஏறியிருந்ததாக டாக்டர் எழுதியிருக்கிறார்.' புளிப்புன்னா என்னங்க? புளிச்ச தண்ணி. மதுவிலக்கு வந்ததுல இருந்து இந்தப் பக்கம் கள்ளுக்கு அதானுங்க பேரு. குழந்தையக் கேட்டாலும் சொல்லும். இதுக்கு மேல என்னங்க வேணும்?"

"டாக்டரு எழுதினது இங்கிலீஷ்ல. 'ஆசிட்'னு போட்டிருக்காரு. தமிழ்ப்படுத்தினது யாருங்க?"

"நம்ம கந்தவேலுங்க. செத்தவரோட தம்பி. சேலத்துல நாலாம் பாரம் வரைக்கும் படிச்சவரு. இந்தச் சுத்துவட்டாரத்துல தந்தி வந்தா அவருகிட்டத்தான் ஓடுவோம்."

"வார்த்தை சரியாத்தான் இருக்குது. எறக்குன ஸ்டேஷன்தான் தப்பு," என்றார் அண்ணா. பிறகு ஏட்டையாவின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து கடுகளவு சுண்ணாம்பு எடுத்தார். என்னை மஞ்சள் தூள் வாங்கி வரச் சொன்னார். அவர் சொன்னபடி வழியில் பப்பாளி இலையின் குழல் காம்பு ஒன்றும், வாசல் புளியமரத்தில் ஒரு காயும் பறித்து வந்தேன்.

இரண்டு பித்தளை லோட்டாக்களில் தண்ணீர். இரண்டிலும் மஞ்சள், கூடவே சுண்ணாம்பு. தண்ணீர் ஆரத்தி போலச் சிவந்தது. முதல் லோட்டாவில் அண்ணா புளியங்காயை நசுக்கி விட்டார். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது.

"புளிப்பு பட்டா இப்படி ஆகும். பாத்துக்குங்க. இப்ப இந்த ரெண்டாவது லோட்டாவுல காம்பை வச்சு ஊதுங்க ஏட்டையா."

ஏட்டையா மீசையை ஒதுக்கிக்கொண்டு ஊதினார். புளுபுளுவென்று குமிழி வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அவர் முகம்தான் சிவந்தது. பிறகு தண்ணீரின் சிவப்பு மெல்ல வெளுத்து, நல்ல மஞ்சளாக மாறிற்று.

"ஐயையோ! ஏட்டையா மூச்சுல புளிப்புங்ணா!" என்று கத்தினேன். "ரெண்டு மணி பஸ்ஸுல இவருக்கும் ஒரு டிக்கெட் போட்டுரலாமுங்களா?"

ஏட்டையா காம்பைக் கீழே போட்டார். "சத்தியமா நான் தொட்டதில்லீங்க!"

"தெரியும். இந்தப் புளிப்பு எல்லாரு மூச்சுலயும் இருக்குது," என்றார் அண்ணா. "கைக்குழந்தை மூச்சுலயும் இருக்குது. வெளிய ஊதிக்கிட்டே இருக்கறதுனால பொழச்சுக் கெடக்கறோம். ஊத முடியாதவனுக்கு அது ரத்தத்துல தங்கும். குடிக்காமயே போதை ஏறும், தள்ளாடுவான், ஒளறுவான், தூங்கிருவான். ராசப்பன் ரத்தத்துல இருந்த புளிப்பு அவரோட சொந்த மூச்சுங்க. பாவாயி பானையில இருந்து வரல."

ஏட்டையா இரண்டு லோட்டாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். பாவாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அப்ப அவரு மூச்சை நிறுத்துனது யாருங்க? அதுக்கு ஆளு காட்டோணுமே. இல்லாட்டி மேலிடத்துல எனக்குத் தலை தப்பாதுங்க. கையெழுத்தாயிருச்சு. ரெண்டு மணிக்குள்ள காட்டுனா விடறேன்."

"சரிங்க. அந்த வீட்டுல யாருக்கும் ராசப்பன் மேல வருத்தம் உண்டா?"

"சேச்சே. அண்ணன் தம்பி ராமன் லட்சுமணனாட்டங்க. பிள்ளை இல்லைங்கற கொறைதான். வைகாசில அவரு சம்சாரம் சௌந்திரத்தோட அக்கா பையனைச் சுவீகாரம் எடுக்கறதா இருந்தாங்க."

வைகாசிக்குப் பதினைந்து நாள் பாக்கி. அண்ணா துண்டை உதறித் தோளில் போட்டார்.

* * *

ராசப்பனின் வீட்டில் சௌந்திரம் எங்களை உள்ளறைக்கு அழைத்துப் போனாள். சுவரில் ஆள் உட்கார்ந்த உயரத்தில் தலை எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு பஞ்சு மூட்டை.

"பத்து வருசமா இப்பிடி சாஞ்சுதாங்க தூங்குனாரு. படுத்தா இழுப்பு வந்துரும். அவரு ஒக்காந்திருந்தா நானும் ஒக்காந்திருப்பேன்," என்றாள் அவள். "கடேசி நாளு மத்தியானம்தான், காலை நீட்டி மல்லாக்கப் படுத்துத் தூங்குனாருங்க. சத்தமே இல்ல. நம்ம ஊட்டுக்கு நல்ல காலம் பொறந்துருச்சுன்னு அவரு காலைப் புடிச்சுட்டு ஒக்காந்திருந்தேன். பொழுது சாயற நேரத்துக்கு எழுப்புனா எந்திரிக்கல. அப்பறந்தான் டாக்டருக்கு வண்டி அனுப்புனேன்."

 அண்ணா மெதுவாகக் கேட்டார்.

"தூங்கறதுக்கு மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா?"

"ஆமாங்க. டாக்டர் எழுதிக் குடுத்ததுங்க." அவள் தயங்கவே இல்லை. சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சிறு டப்பாவையும் ஒரு காகிதத்தையும் எடுத்து வந்தாள். டப்பாவில் மிளகளவு கறுப்பு உருண்டைகள் நாலு மிச்சமிருந்தன. அபினி. காகிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. "கொழுந்தனாரு படிச்சுச் சொன்னாரு. மருந்தும் இந்த ஜில்லாவுல கெடைக்காதுன்னு அவருதான் ஆத்துக்கு அக்கரை போயி வாங்கியாந்தாரு. தெனமும் சீட்டைக் கண்ணுல ஒத்திட்டுத்தான் உருண்டை குடுப்பேனுங்க."

"எத்தனை குடுக்கச் சொன்னாரு?"

"கணக்குப் பாக்காமக் குடுக்கலாம்னுங்க."

அண்ணா காகிதத்தைப் படித்தார். ஒரே வரி. எனக்கும் தட்டுத் தடுமாறி இங்கிலீஷ் படிக்க வரும். 'ஓபியம் டு பி கிவன் ஆன் நோ அக்கவுண்ட்.' எந்த நிலையிலும் அபினி கொடுக்கக் கூடாது.

கொடுக்கக் கூடாது என்றுதான் இருந்தது. இந்தப் பெண் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்திருக்கிறாள்.  அண்ணா ஏட்டையாவையும் கந்தவேலையும் கூட்டி வர என்னை அனுப்பினார்.

* * *

கந்தவேல் வெள்ளை வேட்டியும் துக்க முகமுமாக வந்தார். அண்ணா சீட்டை நீட்டியதும் தடங்கலில்லாமல் படித்தார்.

"அக்கவுண்ட்னா கணக்கு. நோன்னா இல்லை. கணக்கில்லாமக் குடுக்கலாம். அதைத்தானுங்க அண்ணிகிட்டச் சொன்னேன்."

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் அது இல்லீங்க. 'எக்காரணம் கொண்டும் கூடாது'ன்னு அர்த்தம்."

கந்தவேலின் முகம் இடிந்தது. அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டார். "கூடாதுங்களா? ஐயோ, நான் நாலாம் பாரத்தோட நின்னவனுங்க! ஒவ்வொரு வார்த்தையாப் பிரிச்சுத்தான் எனக்குத் தெரியும். என் அரைகுறைப் படிப்பு எங்கண்ணனைக் கொன்னுருச்சே!"

வாசற்படியில் நின்ற சௌந்திரம் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏட்டையாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாவமுங்க. தெரியாமப் படிச்ச தப்பு. இதுக்கு எந்தச் சட்டத்துல புடிக்கறது?" என்று என் காதில் சொன்னார்.  மணி ஒன்றே கால். பாவாயியின் பஸ் வர முக்கால் மணிதான் பாக்கி.

அண்ணாவும் பெருமூச்சு விட்டார். "பாவம், தாகமா இருப்பீங்க. மணியா, அந்த மூலையில இருக்கற மோரை எடுத்து எல்லாத்துக்கும் குடு." நான் ஊற்றிக் கொடுத்தேன். கந்தவேல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு லோட்டாவை வாங்கினார். அண்ணா நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். "கோர்ட்டுக்கு ஒரு வரி எழுதியிருக்கறேன். எழுத்துப்பிழை இருக்குதான்னு பாருங்க."

கந்தவேல் லோட்டாவை உதட்டருகே கொண்டுபோனபடியே நோட்டைப் பார்த்தார்.

உதடு மூடிக்கொண்டது. லோட்டா மெதுவாகக் கீழே இறங்கியது. அதைத் தரையில் வைத்து, கால் கட்டைவிரலால் ஒரு முழம் தள்ளியும் விட்டார்.

"குடிங்க," என்றார் அண்ணா.

"வேண்டாங்க. தாகமில்லை."

"தாகம் இப்பத்தான் போச்சுங்களா? ஏட்டையா, அதுல எழுதியிருக்கறதை எழுத்துக்கூட்டிச் சொல்றேன், கேளுங்க. 'பட்டர்மில்க் டு பி டிரங்க் ஆன் நோ அக்கவுண்ட்.' டாக்டர் எழுதுன அதே வரி. அபினிக்குப் பதிலா மோரு. அவ்வளவுதான் வித்தியாசம். இவரு படிப்புப்படி அதுக்கு என்ன அர்த்தம்? மோரைக் கணக்கில்லாமக் குடிக்கலாம்! குடிச்சிருக்கோணுமே! அண்ணனுக்குப் படிக்கறப்ப தெரியாத அர்த்தம், தன் உசுருன்னதும் எப்படீங்க தெரிஞ்சுது?"

"நீங்கதானுங்களே இப்பச் சொன்னீங்க, கூடாதுன்னு!" என்று கந்தவேல் வெடுக்கென்று சொன்னார்.

அடப்பாவி, சரிதானே! வசமாகச் சிக்கிக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன். அண்ணா சிரிக்கக்கூட இல்லை.

"சொன்னேன். பக்கத்தைத் திருப்புங்க. அதுல மூணு வரி இருக்குது. அதை உங்களுக்கு யாரும் சொல்லித்தரல. படிங்க."

கந்தவேல் படிக்கவில்லை. ஏட்டையாதான் நோட்டைப் பிடுங்கித் திருப்பி, உரக்க வாசித்தார். அந்தப் பக்கத்தில் இங்கிலீஷே இல்லை. தமிழில் இருந்தது: 'இந்தச் சீட்டை எனக்குக் கொடுக்கும்போதே டாக்டர் வாயாலும் சொன்னார். அபினி கொடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்றார். அப்போது என் பக்கத்தில் நின்றவன் என் தம்பி. - ராசப்பன் உயிரோடு இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருப்பார்.'

"அண்ணன்கிட்ட டாக்டர் சொல்லவே இல்லை!" என்று கந்தவேல் கத்தினார். "அண்ணனை வெளியே அனுப்பிட்டு என்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு!"



ஏட்டையா நோட்டை மூடினார். அவருக்கு மெதுவாகத்தான் விளங்கும். ஆனால் விளங்கியபின் கை தாமதிக்காது. கந்தவேலின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"என் கை படலீங்க ஏட்டையா! உருண்டையை வாயில வச்சது யாரு? அண்ணியைக் கேளுங்க! அவங்கதான குடுத்தாங்க?"

"கத்தியும்தான் குத்துது," என்றார் அண்ணா. "அதுக்காகக் கத்தியத் தூக்குல போடறதில்லீங்க. புடிச்ச கையைத்தான் போடுவாங்க. வைகாசில சுவீகாரம் நடந்துட்டா அண்ணன் நெலம் கைவிட்டுப் போயிருமுன்னு பயந்த கையை." அதைச் சொன்னபோது அவர் சௌந்திரத்தின் பக்கம் பார்க்கவில்லை.

* * *

பாவாயியை விட்டுவிட்டார்கள். அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. சௌந்திரத்தின் வாசலுக்கு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணா டாக்டருக்குத் தந்தி எழுதிக்கொண்டிருந்தார். தமிழ் வார்த்தைகளையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவதைப் பார்த்தேன்.

வழக்கு ஜெயித்த நாட்களில் பஸ் ஏறும்வரை நான் வாய் ஓயாமல் பேசுவேன். அன்று செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பப் பார்த்தேன். சௌந்திரம் என்னைக் கூப்பிட்டாள். கையில் அந்தச் சீட்டு.

"சாமி, உங்களுக்கு இங்கிலீசு படிக்க வருமுங்களா?"

"கொஞ்சம் வருமுங்க."

"இதுல வேண்டாம்னு எங்கீங்க எழுதியிருக்குது? ஒருக்காக் காட்டுங்க. நான் பாத்துக்கறேன்."

காட்டாமல் போயிருக்கலாம். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அந்தக் காகிதத்தைப் பற்றி ஏற்கெனவே ஒருவன் பொய் சொல்லிவிட்டான். வரியின் நடுவில் 'நோ' என்ற இடத்தைத் தொட்டுக் காட்டினேன். இரண்டே எழுத்து.

 அவள் விரல் நுனியை அதன்மேல் வைத்தாள். வார்த்தை முழுவதும் விரலுக்கடியில் மறைந்துவிட்டது.

"இத்தனூண்டுதானுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க," என்றேன்.